வளரும் பிள்ளையும் பாரந் தூக்கலும்

குறிஞ்சி என்றால் மலையும் மலைசார்ந்த நிலமும் என்று பள்ளிக்கூடத்திற் படித்தவர்கள், குறிஞ்சிப்பிட்டிக்கு வந்தாற் சற்றுத் திகைப்பார்கள். மருந்துக்குக்கூட அங்கே ஒரு குன்று இல்லை. புத்தளக் களப்பு ஒருபுறமும் பெருங்கடல் மறுபுறமுமாகக் கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டிலே, தென்னையும் மணலும் தோட்டக் கிணறுகளுமாய் அமைந்த ஊர் அது. திணை இலக்கணப்படி முற்றும் நெய்தல். அவ்வூரிலே ஒரு பாடசாலை விடுமுறைக் காலத்தில் நான் கண்ட காட்சியொன்றே இன்றைய பேச்சுக்கு வித்து.

அறிமுகமான ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் கடற்றொழில் செய்பவர். மழைக்காலத்திற் சிறிது தோட்டமும் செய்வார். பேசிக்கொண்டிருக்கையிற் பின்வளவிலிருந்து தொப்பென்று ஓர் ஓசை கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தோம். கிடுகு வேலியின் மறைவிலே அவருடைய பதின்மூன்று வயது மகன் நின்றான். அவன் காலடியில் ஓர் இரும்புக் குழாய். அதன் இரு நுனிகளிலும் நான்கு லீற்றர் பெயின்ற் பேணிகள். பேணிகளிலே சீமெந்துக் கலவையை ஊற்றி இறுகவிட்டுத் தானே ஒரு பாரத் தண்டு செய்திருந்தான். எங்களைக் கண்டதும் தண்டைக் கீழே போட்டுவிட்டான். அதுதான் அந்த ஓசை. பெருவிரலுக்கு நான்கு விரற்கடை தூரத்தில் விழுந்திருந்தது.

நான் முன்னர் பாடசாலைகளில் உடற்பயிற்சி ஆசிரியனாக இருந்தவன் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். ஆகவே கோபத்தை அடக்கிக்கொண்டு என் பக்கந் திரும்பினார்.

“சேர், இந்த வயதிலே பாரந் தூக்கினால் வளர்த்தி நின்றுபோகும் என்று ஊரெல்லாஞ் சொல்லுகிறார்கள். இவனுடைய உம்மாவுக்கு அதே கவலை. இவனை அடித்து நிறுத்துவதா, அல்லது விட்டுவிடுவதா? நீங்களே சொல்லுங்கள்.”

“அதற்கு முன், அவன் ஏன் தூக்குகிறான் என்று கேட்டீர்களா, நானா?” என்றேன். அவர் கேட்கவில்லை. நான் கேட்டேன். பையன் நெடுநேரம் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு சொன்னான். விடுமுறைக்குக் கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போனானாம். அவன் கயிற்றைப் பிடித்தால் வலை வருவதற்குப் பதிலாகக் கயிறு அவனைக் கொண்டுபோகிறது என்று பெரியவர்கள் சிரித்தார்களாம். கயிறு சுருட்டுகிற சின்னப் பிள்ளைகளோடு போய் நிற்கச் சொன்னார்களாம்.

நேயர்களே, பதின்மூன்று வயதிலே இது சிறிய காரியமன்று. உடல் வலிமையை விரும்பும் பிள்ளையை அடித்து நிறுத்திவிடலாம். விருப்பத்தை நிறுத்த முடியாது. வேலிக்கு இந்தப் பக்கம் செய்ததை அந்தப் பக்கம் போய்ச் செய்வான். ஆகவே, அந்த வாப்பாவுக்கு அன்று நான் சொன்னவற்றையே, கொஞ்சம் விரித்து, இங்கே சொல்லுகிறேன்.

முதலில் அந்த அச்சத்தை எடுத்துக்கொள்வோம். வளரும் பிள்ளையின் நீண்ட எலும்புகளில், நுனிகளுக்கு அண்மையிற் குருத்தெலும்பாலான மெல்லிய படலம் ஒன்று உண்டு. எலும்பு நீள்வது அந்த இடத்திலேதான். பெண் பிள்ளைகளுக்குச் சற்று முந்தியும் ஆண் பிள்ளைகளுக்குச் சற்றுப் பிந்தியும், பதின்ம வயதுகளின் பிற்பகுதிக்குள் அது எலும்பாகி மூடிக்கொள்ளும். அதன்பின் உயரம் கூடாது. மூடுவதற்கு முன் அது சுற்றியுள்ள எலும்பையும் தசைநாணையும்விட வலுக்குறைந்தது. பாரம் அந்தப் படலத்தை நசுக்கிவிடும், பிள்ளை குள்ளனாகிவிடுவான் என்பதே ஊரார் அச்சத்தின் சாரம்.

இவ்வச்சத்திற்கு ஓர் அடிப்படை இல்லாமலில்லை. 1964 ஆம் ஆண்டிலே, யப்பானின் ஒதுக்குப்புறக் கிராமங்களிற் கடுமையாக உழைத்த சிறுவரின் எலும்பு வளர்ச்சி தடைப்பட்டதென்று ஓர் அறிக்கை வெளிவந்தது. அதைப் பலர் பாரந் தூக்கலுக்கு எதிரான சான்றாகக் காட்டினார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் பயிற்சி செய்தவர்களல்லர், வேலை செய்தவர்கள். இளம்பிராயத்திலே கடும் உழைப்பு இருக்கும் வீட்டில், பெரும்பாலும் உணவுக் குறைவும் உறக்கக் குறைவும் கூடவே இருக்கும். எது உயரத்தைத் தின்றது என்று பாரத்தின்மேல் மட்டும் பழிபோட இயலாது.

பின்னர் வந்த ஆய்வுகள் வேறு விதமாகப் பேசுகின்றன. நல்ல மேற்பார்வையோடு, முறையறிந்து, அளவோடு செய்த வலிமைப் பயிற்சியினால் எந்தப் பிள்ளையின் வளர்ச்சியும் குன்றியதாகக் காணப்படவில்லை. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொல்லுகிறது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல், ஐந்து முதற் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாள்தோறும் சராசரி ஒரு மணி நேரம் உடலை இயக்குவதோடு, கிழமையில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் அசைவுகளைச் செய்ய வேண்டுமென்று கூறுகிறது. ஆண், பெண் என்ற பேதம் அதில் இல்லை.

அப்படியானால் சீமெந்துத் தண்டை அவனிடமே கொடுத்துவிடலாமா? கூடாது. அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. பாரந் தூக்கும்போது காயப்பட்டு அமெரிக்க வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தவர்களைப்பற்றி 2009 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. எட்டு முதற் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளின் காயங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கையிலும் பாதத்திலும் ஏற்பட்டவை. பாரம் கைதவறி விழுந்ததும், விரல் நடுவே அகப்பட்டதுமே பெரும்பாலும் காரணம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தால் இவற்றில் அநேகம் நடந்திராது.

அந்தத் தண்டைத்தான் கணக்குப் பார்ப்போமே. இறுகிய சீமெந்துக் கலவை லீற்றருக்கு ஏறத்தாழ இரண்டேகால் கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு லீற்றர்ப் பேணி ஒன்று ஒன்பது கிலோ. இரண்டு பேணிகள் பதினெட்டு. குழாயையுஞ் சேர்த்தால் இருபதைத் தாண்டும். பையனின் நிறை நாற்பது கிலோ இருக்கலாம். எடுத்த எடுப்பிலேயே தன் நிறையில் அரைவாசியைத் தூக்குகிறான்! அதிலும் ஒரு பேணி நிரம்பியும் மற்றது சற்றுக் குறைந்தும் இருந்தது. குழாய் ஒரு பக்கம் சாயும். சாய்வதைத் தடுக்க முதுகு கோணும். குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. வீட்டிற் செய்யும் சீமெந்துப் பாரங்களின் பெரிய குற்றம் இதுதான். பிள்ளைக்கேற்ற பாரமாக அதை மாற்ற வழியில்லை; பிள்ளைதான் பாரத்துக்கேற்ப வளைய வேண்டும்.

இந்த இடத்தில் உழைப்பையும் பயிற்சியையும்பற்றி ஒரு வார்த்தை. கரைவலைக் கயிறு இழுப்பவன், வலை கரைக்கு வரும்வரை இழுக்க வேண்டும். தோட்டத்துக்கு இரு கையிலும் பூவாளி தூக்குபவன், பாத்தி முடியும்வரை தூக்க வேண்டும். களைத்துவிட்டேன் என்று நடுவில் நிற்க முடியாது. பயிற்சியிலோ, அளவு முடிந்ததும், சிலவேளை அதற்கு முன்பும், நிறுத்திவிடலாம். பிள்ளையின் உடலுக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல. வீட்டுத் தோட்டத்திற் கைகொடுப்பதை நான் குறை கூறவில்லை, நல்லதுதான். ஆனால் அன்று காலையில் இருபது நடை தண்ணீர் சுமந்த பிள்ளைக்கு மாலையில் மறுபடியும் பயிற்சி வேண்டியதில்லை. அந்த நாளைக் கணக்கில் எழுதிக்கொண்டு விட்டுவிடலாம். கூலி வேலை வேறு விஷயம். இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021 ஆம் ஆண்டிற் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டது.

இனி, வலிமை எவ்வாறு வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான். கைத்தொலைபேசியிற் படம் பார்த்துவிட்டு, ஒரு மாதத்தில் மார்பும் புயமும் புடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். பருவம் முழுதாக வராத பிள்ளையின் தசை அவ்வாறு பருக்காது. அதற்கு வேண்டிய சுரப்புகள் உடலில் இன்னும் போதிய அளவிற் சுரக்கவில்லை. எனினும் வலிமை கூடும். எப்படியென்றால், ஒரு தசையிலுள்ள நார்கள் எல்லாம் ஒரே வேளையில் வேலைக்கு வருவதில்லை. நரம்பு அழைத்தால்தான் வரும். பயிற்சியினால் அதிக நார்களை, ஒழுங்காக, ஒன்றாக அழைக்க நரம்பு பழகிக்கொள்கிறது. கரைவலையையே பாருங்கள். புதிதாய் வந்த இருபது பேர் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் வலை அசையாது. அதே இருபது பேரும் ஒரே குரலுக்கு இழுத்தால் வந்துவிடும். ஆள் கூடவில்லை. ஒழுங்கு கூடியிருக்கிறது. எட்டு வாரம் முதல் இருபது வாரம் வரை முறையாகச் செய்த பிள்ளைகளின் வலிமை நூற்றுக்கு முப்பது அளவிற் கூடுவது வழக்கம் என்று ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். கண்ணாடியில் அது தெரியாது. கயிற்றிலே தெரியும். பயிற்சியை விட்டுவிட்டாற் சில வாரங்களில் அது மெல்லக் கழன்றும் போகும்.

தொடங்குவதற்கு முன் ஒரு கேள்வி: பிள்ளைக்கு இருதய நோய், இரத்த அழுத்தம், வலிப்பு, பழைய எலும்பு முறிவு ஏதேனும் உண்டா? இருந்தால், வைத்தியரைக் கேட்காமல் ஒன்றுஞ் செய்ய வேண்டாம். இல்லையென்றால், சொன்னபடி கேட்டுச் செய்யும் பக்குவம் பிள்ளைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வயதைவிட அதுவே முக்கியம்.

முதல் மாதத்துக்குப் பாரமே வேண்டாம். சொந்த உடம்பே போதிய பாரம். அஸர் தொழுகைக்குப் பின், வெயில் தாழ்ந்த நேரம் நல்லது. ஞாயிறு, செவ்வாய், வியாழன் என்று ஒருநாள் விட்டு ஒருநாள்; தொடர்ந்தாற்போல் இரண்டு நாட் செய்யலாகாது. பத்து நிமிடம் முற்றத்தில் நடந்தும் மெல்ல ஓடியும் கைகால்களைச் சுழற்றியும் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளட்டும்.

பிறகு ஒரு கதிரையை வைத்து, அதில் உட்காருவது போலக் குந்தி, பட்டும் படாமலும் எழும்ப வேண்டும். பழைய தேகப்பயிற்சிக் கூடங்களில் இதைப் பஸ்கி என்பார்கள். பாதம் முழுதும் தரையில் இருக்க வேண்டும். முழங்கால் உள்நோக்கிச் சாயக்கூடாது. அடுத்தது தண்டால். இதைத் தரையிலே தொடங்குவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. தரையில் இரண்டு தண்டால் எடுத்து, மூன்றாவதில் இடுப்புத் தொங்கி, நான்காவதில் மண்ணைக் கவ்வும் பிள்ளை மறுநாள் வரமாட்டான். சுவரிற் கைகளை ஊன்றித் தொடங்கட்டும். சுவரிற் பதினைந்து ஒழுங்காக வந்தால் திண்ணை. திண்ணையில் வந்தால் வாங்கு. அதன் பிறகே தரை. தலைமுதற் குதிகால்வரை உடம்பு ஒரே பலகைபோல இருக்க வேண்டும். இதே பலகை நிலையில், முழங்கைகளைத் தரையில் ஊன்றி இருபது எண்ணும்வரை அசையாதிருப்பது வயிற்றுக்கும் முதுகுக்கும் நல்ல பயிற்சி. திண்ணையில் ஒரு காலை வைத்து ஏறி இறங்குவது இன்னொன்று.

முதுகை வளைக்காமற் குனிவதைத் தனியே கற்பிக்க வேண்டும். ஒரு விளக்குமாற்றுத் தடியை முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிடரி, தோள் நடு, இடுப்பின் அடி ஆகிய மூன்று இடத்திலும் தடி தொட்டபடியே இருக்க, இடுப்பிலிருந்து குனியட்டும். எந்த இடமாவது தடியை விட்டு விலகினாற் பிழை. வாழ்நாள் முழுதும் கீழே கிடக்கும் எதையும் தூக்குவதற்கு உதவும் பாடம் இது. மூட்டை தூக்கி முதுகு போன பெரியவர்கள் நம்மூர்களில் எத்தனை பேர்! அவர்களில் ஒருவருக்கேனும் யாரும் இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஒவ்வொன்றும் எட்டு முதற் பதினைந்து தடவை. முதலில் ஒரு சுற்று, பழகியபின் இரண்டு. நடுவே ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ ஓய்வு. எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மூச்சைப் பிடிக்கவே கூடாது. உயர்த்தும்போது மூச்சு வெளியே போகட்டும். எண்ணிக்கையைப் பிள்ளை வாய்விட்டுச் சொன்னால் மூச்சுத் தானாகவே வரும். கடைசித் தடவையும் முதல் தடவையைப் போலவே அழகாக இருக்க வேண்டும். உருவம் கெட்டால், எண்ணிக்கை மீதி இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். பக்கத்தில் நிற்கும் வாப்பாவின் வேலை இதைப் பார்ப்பதுதான். “இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று” என்று தூண்டுவதல்ல.

இரண்டாம் மாதத்திற் பாரம் சேர்க்கலாம். கடையில் வாங்க வேண்டாம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. இதைவிட நேர்மையான படிக்கல் எங்கே கிடைக்கும்? ஒன்றரை லீற்றர்ப் போத்தல்கள் இரண்டு இருந்தாற் கைக்கொன்றாகப் பிடித்துக் குந்தி எழலாம். புத்தகப்பையினுள் போத்தல்களை வைத்து, இடுப்பிலிருந்து குனிந்தபடி பையை வயிற்றை நோக்கி இழுப்பது, கயிறு இழுக்கும் தசைகளுக்கே உரிய பயிற்சி. ஐந்து லீற்றர் அளவான கொள்கலம் ஒன்று இருந்தால் இன்னும் வசதி. பதினைந்து தடவை ஒழுங்காகத் தூக்க முடிந்த பின், நூற்றுக்கு ஐந்து முதற் பத்து வரையே கூட்டலாம் என்பது வைத்தியர் கூறும் அளவு. நாலரை லீற்றர் தூக்குபவன் ஒரு குவளை, அதாவது கால் லீற்றர், சேர்த்துக்கொண்டாற் சரியாக வந்துவிடும். இரும்புப் பாரங்களில்கூட இவ்வளவு நுணுக்கமாகக் கூட்ட முடியாது! மணல் நிரப்புவதென்றால் அது தண்ணீரைவிடக் கனமானது என்பதை மறக்க வேண்டாம். உலர்ந்த மணல் லீற்றருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ, நனைந்தால் இன்னுங் கூடும். மூடியை இறுக்கித் துணியாற் கட்டிவிடுங்கள்.

தன்னால் ஒரே தடவையில் ஆகக்கூடிய பாரம் எவ்வளவு தூக்க முடியும் என்று பார்ப்பது, தோழரோடு பந்தயங் கட்டுவது, இவையிரண்டும் இந்த வயதில் ஆகா. தசை சற்று வலிப்பது இயல்பு; இரண்டு நாளிற் போய்விடும். மூட்டில் வலி, எலும்பின்மேல் தொட்டால் வலி, இரவில் எழுப்பும் வலி ஆகியவை இயல்பல்ல. விரைந்து வளரும் காலத்திலே முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து நோவது பல பிள்ளைகளுக்கு உண்டு. அதைச் சகித்துக்கொண்டு குதிக்கச் சொல்வது வீரமல்ல. சில நாள் விட்டுவிட்டு, தீராவிட்டால் வைத்தியரிடங் காட்ட வேண்டும்.

நோன்பு காலத்தைப்பற்றி உம்மா கேட்டார். நல்ல கேள்வி. நோன்பு நோற்றுத் தண்ணீருமின்றி இருக்கும் பகலில் இவற்றைச் செய்ய வேண்டாம். நோன்பு திறந்து, உணவு செரித்தபின், கிழமைக்கு இரண்டு நாள் ஒரு சுற்று மட்டும் செய்தால் முன் பெற்ற வலிமை குறையாமல் நிற்கும். அந்த மாதத்திற் பாரத்தைக் கூட்டவும் வேண்டாம்.

உணவையும் அவர்தான் கேட்டார். தசைக்கென்று தகரப் பேணிகளில் விற்கும் மாவகைகளை வாங்கித் தரும்படி பையன் நச்சரிக்கிறானாம். அவற்றின் விலையைக் கேட்டபோது எனக்கே தலை சுற்றியது. நாற்பது கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ நாற்பது கிராம் புரதம் வேண்டும். பயிற்சி செய்தாற் சற்றுக் கூடலாம். நூறு கிராம் மீனில் இருபது கிராம் அளவிற் புரதம் உண்டு. ஒரு முட்டையில் ஆறு. ஒரு கோப்பை அவித்த பாசிப்பயற்றிற் பதினான்கு. கடற்கரையிலே இருந்துகொண்டு, சூடை மீனையும் நெத்தலியையும் சந்தைக்கு அனுப்பிவிட்டு மாவுப் பேணி வாங்குவானேன்? காலையிற் பாணும் சம்பலும் மட்டும் உண்டுவிட்டுப் பாடசாலைக்கு ஓடுகிற பிள்ளைக்கு, கூடவே ஒரு முட்டையோ ஒரு கோப்பை பயறோ கொடுத்தாலே கணக்கில் அரைவாசிக் குறை தீரும். உறக்கமும் உணவுதான். பதின்மூன்று வயதில் எட்டு மணி முதற் பத்து மணி நேரம் உறங்க வேண்டும். நள்ளிரவு வரை கைத்தொலைபேசியோடு இருந்தால் அந்தக் கணக்கு எப்படிச் சரிவரும்?

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததையெல்லாம், கதவோரத்தில் நின்று பையனின் மூத்த சகோதரி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் செய்யலாமா என்று உம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். செய்யலாம் என்ன, செய்யவே வேண்டும். ஒருவரின் எலும்பு வாழ்நாளில் அடையும் கனத்தின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. முதுமையில் எலும்பு நொய்ந்து இடுப்பு முறிவது பெண்களிடையே அதிகம். முதுமைக்குச் சேர்க்க வேண்டிய முதலை இப்போதே சேர்த்துக்கொள்ளட்டும். கதிரையும் சுவரும் தண்ணீர்ப் போத்தலும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. மைதானந் தேடிப் போக வேண்டியதுமில்லை.

வாப்பாவின் அச்சம் மட்டும் முழுதாகத் தீரவில்லை. வார்த்தையால் அது தீராது என்று எனக்கும் தெரியும். ஆகவே ஓர் ஏற்பாடு செய்தோம். பையனைக் கதவு நிலையோடு, குதிகால் ஒட்டி, நேராக நிற்கவைத்துத் தலைமட்டத்துக்கு ஒரு பென்சிற் கோடு போட்டுத் தேதி எழுதினோம். மாதத்துக்கு ஒருமுறை வாப்பாவே கோடு போட வேண்டும். ஆண் பிள்ளைகள் ஆகவும் விரைந்து வளர்வது பெரும்பாலும் பதின்மூன்று, பதினான்கு வயதை ஒட்டியே. சில பிள்ளைகளுக்கு அது பிந்தி வரும். அதற்குப் பயிற்சி காரணமுமல்ல.

நான்கு மாதத்தின்பின் மீண்டும் அவ்வழியே போக நேர்ந்தது. கதவு நிலையில் ஐந்து கோடுகள் இருந்தன. முதலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையே இரண்டு விரற்கடைக்குச் சற்றுக் குறைவு. பக்கத்திலே வேறொரு நிறப் பென்சிலில், சகோதரியுடைய கோடுகள். பையன் வாங்கிலே கையூன்றிப் பன்னிரண்டு தண்டால் எடுத்துக் காட்டினான். பதின்மூன்றாவதில் இடுப்புத் தாழ்ந்ததும், நான் சொல்லுமுன் வாப்பாவே “போதும் மகன்” என்றார். சீமெந்துத் தண்டு ஆட்டுக்கொட்டிலின் படலை காற்றில் அடிபடாதபடி குறுக்கே முட்டுக்கொடுத்துக் கிடந்தது.